பெரிய பேக் போட்டாலும் 'லேக்' போகாது! ஆன்லைன் போரில் படை திணறுவது ஏன்?

சென்னை: "நெட் ஸ்லோவா இருக்கு, பெரிய பேக் போடுங்க" என்று பிள்ளைகள் வீட்டில் அடம்பிடிப்பது வழக்கமாகி விட்டது. ஆன்லைன் போர் விளையாட்டில் படையை நகரச் சொல்லி கிளிக் செய்தால் அரை நொடி கழித்துதான் நகர்கிறது. அதற்குள் எதிரி கோட்டையை இடித்துவிட்டு போய்விடுகிறான். ஆனால் கூடுதல் பணம் கட்டினால் இது தீருமா? பெரும்பாலும் தீராது என்பதுதான் உண்மை.

ரோடு வேறு, தூரம் வேறு

பேக்கில் சொல்லும் எம்.பி.பி.எஸ். என்பது ரோட்டின் அகலம் மாதிரி. 'லேக்' என்பது ஊர் போய்ச் சேரும் நேரம். ரோட்டை அகலமாக்கினால் நிறைய வண்டி போகலாம். அதற்காக மதுரை சென்னைக்கு பக்கத்தில் வந்துவிடுமா?

சென்னை-சிங்கப்பூர் இடையே 2002-ல் போடப்பட்ட கடலடி கேபிளின் நீளம் சுமார் 3 ஆயிரத்து 200 கி.மீ. கேபிளுக்குள் ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடும். அப்படியும் சிங்கப்பூர் சர்வருக்கு போய்த் திரும்ப 32 மில்லி செகண்டாவது ஆகும் (ஆயிரம் மில்லி செகண்ட் சேர்ந்தால் ஒரு நொடி). அமெரிக்க சர்வர் என்றால் 200-ஐ தாண்டும். எந்த பேக்கும் இந்த தூரத்தை குறைக்காது.

ஒருத்தர் திணறினால் எல்லோருக்கும் வேதனை

1997-ல் 'ஏஜ் ஆப் எம்பயர்ஸ்' வந்தபோது போன் லைன் மோடம்தான் கதி. ஆயிரம் வீரர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதை அதில் அனுப்பி மாளாது. அதனால் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் முழுப் போரையும் தானே நடத்தும். ஆட்டக்காரர்களின் உத்தரவு மட்டும் நெட்டில் போகும். எல்லோருடைய உத்தரவும் வந்து சேர்ந்தால்தான் ஆட்டம் அடுத்த கட்டத்துக்கு நகரும். ஒருத்தரின் நெட்டோ, கம்ப்யூட்டரோ மந்தமானால் அத்தனை பேரும் காத்திருக்கணும். "உன்னாலதான் லேக்" என்ற சண்டை கிளம்புவது இங்கேதான்.

ஏறி இறங்கினால்தான் ஆபத்து

இதை உருவாக்கிய பால் பெட்னர், மார்க் டெரானோ இருவரும் 2001-ல் தங்கள் அனுபவத்தை வெளியிட்டனர். 250 மில்லி செகண்ட் தாமதத்தை ஆட்டக்காரர்கள் கவனிக்கவே இல்லை. 500 வரை நன்றாகவே ஆட முடிந்தது. ஆனால் ஒரு நேரம் 80, மறு நேரம் 500 என்று மாறினால் எரிச்சல்தான். சீரான தாமதம் கைக்கு பழகிவிடும். ஏறி இறங்கும் தாமதம் பழகவே பழகாது.

என்ன செய்யலாம்?

* வை-பை வேண்டாம். ரூட்டரில் இருந்து கம்ப்யூட்டருக்கு நேராக வயர் இழுங்க. சுவருக்கு சுவர் சிக்னல் தடுமாறும்.

* ஆடும் நேரத்தில் வீட்டில் யாராவது சினிமா டவுன்லோடு செய்தால், ரேஷன் கடை மாதிரி ரூட்டரில் க்யூ கட்டிவிடும். கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லுங்க.

* பக்கத்து நாட்டு சர்வரை தேர்வு செய்யுங்க.

* பழைய கம்ப்யூட்டர் என்றால் படை எண்ணிக்கை உச்சவரம்பை குறைத்து ஆடுங்க. நெட் மேல் பழி போட்டாலும், பல நேரம் திணறுவது கம்ப்யூட்டர்தான்.

* படை நகரலையே என்று படபடவென கிளிக் செய்யாதீங்க. அதே உத்தரவு திரும்பத் திரும்ப போவதால் நன்மை இல்லை. ஒரே கிளிக் போட்டு, அடுத்த வேலையை பாருங்க.

* லேக் உள்ள நாளில் ஒவ்வொரு வீரனாக பிரித்து ஆட்டுவது கஷ்டம். முன்கூட்டியே மதில் கட்டி, படையை சரியான இடத்தில் நிறுத்துவதே கைகொடுக்கும்.

மாதம் 200, 300 ரூபாய் கூடுதலாக கட்டுவது சிறிய குடும்பத்துக்கு சாதாரண விஷயம் இல்லை. பேக்கை மாற்றும் முன் ஒரு நாள் வயர் போட்டு, மற்ற டவுன்லோடு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஆடிப் பாருங்க. லேக் குறைந்தால், அந்த பணம் வீட்டுச் செலவுக்கு மிச்சம்.