முதுகுவலி வினாப்படிவமும் தோட்டத்துத் தமிழும்



முதுகுவலியால் ஏற்படும் இயலாமையை அளக்க 1980-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது ஆஸ்வெஸ்ட்ரி வினாப்படிவம். பத்துப் பிரிவுகள், ஒவ்வொன்றிலும் ஆறு கூற்றுகள். அதன் தமிழாக்கம் பற்றிய ஆய்வு 2014-இல் வெளிவந்தது. மகிழ்ச்சியே! ஆயினும், அதனைக் கெடா தோட்டப்புற முதியோரிடம் அப்படியே நீட்டுதல் தகாது என்பது என் கருத்து.

எவ்வளவு தொலைவு நடக்க இயலும் என்பதை மூலப்படிவம் மைலில் கேட்கிறது. பீடோங், பாடாங் செராய் பக்கத்து முதியோர்க்கு மைல் என்பது ‘கட்டை’. அதுகூடப் பரவாயில்லை. ‘வலி’ என்ற சொல்லே இடறுகிறது. நோவு, கடுப்பு, குடைச்சல், பிடிப்பு எனப் பால்மரம் சீவியவர்கள் வேறுபடுத்தியே சொல்வார்கள். “வலியெல்லாம் இல்லை ஐயா, கடுப்புத்தான்” என்பவர், ‘இப்போது வலி இல்லை’ என்னும் முதற்கூற்றைத் தேர்ந்தால் அப்பிரிவில் அவருக்குச் சுழியமே. நிமிர முடியாதவர், ஏட்டில் நலமுடையவர் ஆகிவிடுவார்.

தமிழாக்கத்தை மீண்டும் ஆங்கிலத்தில் பெயர்த்து ஒப்பிடுவது வழக்கம். அது படித்தவர்களுக்கிடையே நடப்பது. இப்பிழை அங்கே சிக்காது. தேர்வு வினாவை முதலில் மாணவர் சிலரிடம் கொடுத்துப் பார்க்க வேண்டுமென ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் கற்றோம் அல்லவா? 30 முதல் 40 பேரிடம் முன்சோதனை செய்யும்படி, 2000-இல் வெளியான மொழிபெயர்ப்பு நெறிமுறையும் கூறுகிறது. சுங்கை பட்டாணி மருத்துவமனைக்கு வரும் தோட்டத்துப் பாட்டிமாரிடமும் அச்சோதனை நடைபெற வேண்டும். எழுத்தறியாதவர்க்குப் படித்துக்காட்ட நாம் முன்வரலாம். இல்லற உறவு பற்றிய எட்டாம் பிரிவை மட்டும் ஆசிரியைகள் கேட்பது நலம். விடை சொல்லாவிடினும், அதனை நீக்கி மதிப்பெண் கணக்கிட வழியுண்டு.