ஜீவனியிலுள்ள சீனி எதற்கு?

வயிற்றோட்டம் என்றால் கொழும்பில் பாமன்கடையிலும் வெள்ளவத்தையிலும் முதலில் வாங்குவது, நீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சீனித் தூளான ஜீவனிப் பக்கற்றைத்தான். பிழை அதைக் கரைக்கும் இடத்தில் நேர்கிறது. பிள்ளை உப்புக் கரிக்கிறதென்று முகம் சுளித்தால் மேலும் இரண்டு கரண்டி சீனி விழும். ஒரு லீற்றருக்கான தூள் ஒரே கிளாசில் கரையும். நீரிழிவுக்காரரோ இனிப்பென்று தொடவே மாட்டார். அந்தச் சீனி ருசிக்காகப் போடப்பட்டது என்ற எண்ணமே இந்தப் பிழைகளின் வேர்.

உயர்தர உயிரியலில் ‘உயிர்ப்பான கடத்தல்’ என்று மாணவர் மனப்பாடம் செய்வதுதான் அந்தப் பக்கற்றுக்குள் இருக்கிறது. குடற்கலத்தின் சவ்வில் ஓயாமல் இயங்கும் ஒரு பம்பி, சக்தியைச் செலவழித்து, ஒவ்வொரு தடவையும் மூன்று சோடியம் அயன்களை வெளியேற்றி இரண்டு பொற்றாசியம் அயன்களை உள்ளே எடுக்கிறது. டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ 1957இல் இதை இனங்கண்டார். 1997இல் நோபல் பரிசு பெற்றார். இந்தப் பம்பியால் கலத்துக்குள் சோடியம் குறைந்தே இருக்கும். ஆகவே குடலிலுள்ள சோடியம் உள்ளே வரத் துடிக்கும். அது நுழையும் வாசல்களில் ஒன்று, குளுக்கோசும் கூட வந்தால்தான் திறக்கும். இரண்டும் சேர்ந்து நுழைய, தண்ணீர் பின்னால் போகும். வாந்திபேதிக் கிருமியின் நஞ்சு குடலிலிருந்து உப்பையும் நீரையும் வெளியே இறைக்க வைத்தாலும், இந்த வாசல் மட்டும் பழுதுபடுவதில்லை. ஜீவனியின் சீனி, அதாவது குளுக்கோசு, அதற்கான திறப்பு.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதற்கு 1971 சாட்சி. பங்களாதேஷ் போரின்போது மேற்கு வங்க எல்லை அகதி முகாமில் வாந்திபேதி பரவி, நாளத்தில் ஏற்றும் சேலைன் தீர்ந்துபோனது. வைத்தியர் திலிப் மகலானபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். சுமார் 30 வீதமாக இருந்த இறப்பு 4 வீதத்துக்கும் கீழே இறங்கியது. உலக சுகாதார நிறுவனம் 2002இல் திருத்திய கலவையில் சோடியமும் குளுக்கோசும் சம எண்ணிக்கையில் உள்ளன, லீற்றருக்கு 13.5 கிராம் குளுக்கோசு. சீனி கூடினால் குடலுக்குள் கரைசல் அடர்த்தியாகி, உடம்பிலிருந்தே நீரை இழுக்கும். சோடா குடித்தால் வயிற்றோட்டம் மோசமாகலாம் என்பதும் இதனால்தான்: அதில் சீனி ஏழெட்டு மடங்கு, உப்போ மிகச் சொற்பம்.

செவ்விளநீர் போதாதா என்று கேட்பார்கள். அதில் பொற்றாசியம் நிறைய, சோடியம் குறைவு; துணைக்கு ஆகும், ஈடாகாது. உப்பிட்ட அரிசிக் கஞ்சி அதைவிட மேல்; மாப்பொருள் செரித்துக் குளுக்கோசாவதால் அதே வாசல் திறக்கும். ஜீவனி கொடுத்தும் வயிற்றோட்டம் நிற்கவில்லையே என்பது அடுத்த முறைப்பாடு. நிறுத்துவது அதன் வேலையில்லை; போன நீரை மீட்பதே வேலை. நீரிழிவுக்காரர் பயந்து விலக்கினால் நீரிழப்பே முதல் ஆபத்தாகும். குருதிச் சீனியைப் பார்த்துக்கொண்டு, வைத்தியரைக் கேட்டு அருந்தலாம். எதைக் குடித்தாலும் வாந்தியெடுப்பவருக்கும் மயங்குபவருக்கும் சேலைன் வேண்டும். அவர்களை வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

சொன்னபடி கரைத்தால் போதாதா, விளக்கம் எதற்கு என்பவர்களும் உண்டு. வெறும் கட்டளை, பிள்ளை முகம் சுளிக்கும்வரைதான் நிற்கும். காரணம் தெரிந்த தாயின் கை சீனிப் போத்தலுக்குப் போகாது. எனவே பக்கற்றின் மேல் ஒரு வரி, வகுப்பறையில் ஒரு செயல்முறை, பாமசிக்காரரின் வாயில் ஒரு சொல் வேண்டும். அதுவரை இதை வாசிப்பவர்கள் செய்யக்கூடியது எளிது: கொதித்தாறிய நீரை அளந்து எடுங்கள், பக்கற்றில் எழுதிய அளவுக்கே கரையுங்கள், மேலே எதையும் சேர்க்காதீர்கள்.