கிணற்றில் பொடி போட்டால் போதுமா?

சித்திரைத் திருவிழா என்றால் வைகைக் கரையில் எள் விழ இடம் இராது. மதுரையைச் சுற்றியுள்ள கிராமத்து ஜனங்கள் எல்லாம் வந்து கூடுவார்கள். முன்பெல்லாம் இப்படிப்பட்ட கூட்டங்களின் பின்னாலேயே காலராவும் வரும். வாந்திபேதி என்றாலே ஊர் நடுங்கும்.

காலராக் கிருமி தண்ணீர் மூலம் பரவுகிறது. 1884-ல் ராபர்ட் காக் என்ற ஜெர்மன் டாக்டர், கல்கத்தாவில் ஒரு குளத்துத் தண்ணீரில் அதைக் கண்டார். அந்தக் கிருமியை ஒடுக்க உதவிய மருந்துகளில் ஒன்று பிளீச்சிங் பவுடர்.

இந்தப் பொடி என்ன செய்கிறது? தண்ணீரில் கரைந்ததும் குளோரின் மருந்து வெளிப்படுகிறது. அது கிருமியின் உடலில் உள்ள புரதங்களைத் தாக்குகிறது. பாலில் எலுமிச்சைச் சாறு விழுந்தால் திரிந்து போகிறது அல்லவா? அதுபோலப் புரதங்கள் கட்டி தட்டிப் போகின்றன. கிருமி மடிகிறது. நம் ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களும் இதே மருந்தைத் தயாரித்துக் கிருமிகளோடு போராடுகின்றன!

ஆனால், கிருமி லேசுப்பட்டது அல்ல. அதன் உடலில் ஒரு காவல் புரதம் இருக்கிறது. சாதாரணமாக அது தூங்கும். மருந்து பட்டதும் விழித்துக்கொண்டு, மற்றப் புரதங்கள் கட்டி தட்டாமல் காக்கும். குடலில் வாழும் ஒரு வகைக் கிருமியில் இது நடப்பதை 2008-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் விளக்கினார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடும் இந்த இனத்து மருந்துதான். அதைச் சிறிதளவு கொடுத்துப் பழக்கிய கிருமிகள், பிறகு பெரிய அளவையும் தாங்கிப் பிழைத்ததை 1980-களில் கண்டார்கள்.

ஆகவே, அரைகுறை மருந்து ஆகாது. தெருவோரம் கோலப்பொடி போலத் தூவிவிட்டால் கடமை முடிந்தது என்று பல ஊர்களில் நினைக்கிறார்கள். காய்ந்த தரையில் கிடக்கும் பொடி கிருமியைத் தேடிப் போகாது.

தெளிந்த கிணற்றுக்கு, 1,000 லிட்டர் தண்ணீருக்கு 2½ கிராம் நல்ல பொடி வேண்டும். வாளித் தண்ணீரில் பொடியைக் கரைத்துத் தெளிய விடுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பை விட்டுவிட்டு, தெளிவை மட்டும் கிணற்றில் இறக்கிக் கலக்குங்கள். ஒரு மணி நேரமாவது இறைக்கக் கூடாது. இரவில் போட்டுக் காலையில் இறைப்பது உத்தமம். தண்ணீர் கலங்கியிருந்தால் சேறும் குப்பையுமே மருந்தைத் தின்றுவிடும். அப்போது சுகாதார ஆய்வாளரைக் கேட்டு அளவைக் கூட்ட வேண்டும். பொடி மூட்டையைத் திறந்து வைத்தால் வீரியம் போய்விடும்.

பஞ்சாயத்தாரும் வீட்டுக் கிணறு வைத்திருப்போரும் இதை மனத்தில் கொள்ள வேண்டும். பச்சைக் குழந்தையும் குடிக்கிற தண்ணீர் அல்லவா?