ஓடுகிறவருக்கு ஒரு பனியன், மருத்துவமனைக்கு எவ்வளவு?

திருப்பூரில் ஒரு டி-ஷர்ட்டை யார் கையில் கொடுத்தாலும் முதலில் இரண்டு விரலால் துணியைத் தேய்த்துப் பார்ப்பார்கள். அப்புறம் திருப்பி உள்தையலைப் பார்ப்பார்கள். "நூத்தி எண்பது ஜி.எஸ்.எம். இருக்குமுங்க" என்று ஒருவர் சொன்னால், "இல்லீங்க, நூத்தி அறுபதுதான்" என்பார் பக்கத்தில் இருப்பவர். ஒரு கிலோ துணியில் ஐந்து பீஸ் விழுமா, நாலரைதான் விழுமா, தையல் கூலி என்ன, பிரிண்டிங் எத்தனை கலர், பாலிபேக் எத்தனை பைசா என்று டீ ஆறுவதற்குள் அடக்க விலை போட்டு முடித்துவிடுவார்கள். காமர்ஸ் வகுப்பில் ஒரு செமஸ்டர் முழுக்க காஸ்ட் அக்கவுண்டிங் நடத்தினாலும் இந்த வேகம் வராது.

இதே ஆட்கள்தான் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, இன்னும் இருட்டாக இருக்கும்போதே, "புற்றுநோய் விழிப்புணர்வு ஓட்டம்" என்றோ "பசுமைக்காக ஓடுவோம்" என்றோ அச்சடித்த டி-ஷர்ட் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். 600 ரூபாய் கட்டிப் பதிவு செய்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த 600 ரூபாயில் நோயாளிக்குப் போனது எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். "அது தெரியலீங்களே" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். டி-ஷர்ட்டின் அடக்க விலையைப் பைசா சுத்தமாகச் சொல்கிற மனிதர், தான் கொடுத்த தர்மத்தின் கணக்கைக் கேட்பதே இல்லை!

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த ஓட்டங்களில் கலந்துகொள்கிறவர்களைக் கிண்டல் செய்ய இங்கே எதுவும் எழுதப்படவில்லை. ஒரு மெர்ச்சண்டைசரை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒன்பது மணிக்குக் கம்பெனிக்குள் போனால் பையரின் மெயில், டையிங்கில் ஷேடு மாறிப்போன தகராறு, செக்கிங்கில் நின்றுபோன பீஸ்கள் என்று இரவு வரை நாற்காலியும் செல்போனும்தான். நாற்பது வயதில் சர்க்கரை வந்துவிடும் என்று டாக்டர் மிரட்டிய பிறகு ஓட ஆரம்பித்து, ஆறு மாதத்தில் 5 கிலோமீட்டர், ஒரு வருடத்தில் 10 கிலோமீட்டர் என்று முன்னேறுகிறார். கூட்டமாக ஓடும்போது தனியாக ஓடுவதைவிட உற்சாகம் வருகிறது. கடைசியில் மெடல் மாட்டிக்கொண்டு ஒரு போட்டோ. இதெல்லாம் நல்ல விஷயம். இதற்கு 600 ரூபாய் கொடுத்தால் அது அவருக்கு லாபம்தான்.

ஆனால் அது அவருடைய லாபம். அதைப் போய் தர்மம் என்று ஏன் எழுத வேண்டும்?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான், எந்த ஓட்டத்தின் உண்மைக் கணக்கும் இல்லை. 600 ரூபாயில் டி-ஷர்ட்டுக்கும் பிரிண்டிங்குக்கும் 150. மெடலுக்கு 80. நேரம் பதிவு செய்யும் சிப்புக்கு 60. பொங்கல், வடை, காபிக்கு 70. ஆக 360 போய்விட்டது. மிச்சம் 240ல் தண்ணீர், வாழைப்பழம், ஆம்புலன்ஸ், மேடை, மைக் செட், ஜும்பா ஆட வைக்கிறவருக்கு, ஃப்ளெக்ஸ், போட்டோகிராபர், ஆன்லைனில் பணம் கட்டுவதற்கான கமிஷன். இதையும் தாண்டி நூறு ரூபாய் மிஞ்சினால் அமைப்பாளர் கெட்டிக்காரர். அதாவது 600 ரூபாய்க்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை வாங்கிக்கொண்டு, சில்லறையை மருத்துவமனைக்குக் கொடுத்திருக்கிறார் ஓடியவர்.

"அதெல்லாம் ஸ்பான்சர் பார்த்துக்கொள்கிறார்கள், கட்டணம் முழுக்க அறக்கட்டளைக்குத்தான்" என்று சில ஓட்டங்களில் சொல்வார்கள். அப்படி என்றால் மிகவும் நல்லது. ஆனால் அங்கேயும் ஒரு விஷயம் இருக்கிறது. டி-ஷர்ட்டைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் நோயின் பெயர், பின்பக்கம் நூல் மில், பேங்க், நகைக்கடை, பள்ளிக்கூடம், தோசை மாவு கம்பெனி என்று பதினைந்து லோகோ. ஓடுகிறவரின் முதுகு ஒரு விளம்பரப் பலகை. அந்த வாடகையில்தான் அறக்கட்டளைக்குப் பணம் போகிறது.

இதில் காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு மட்டும் சுவாரசியமாக இருக்கக்கூடிய ஒரு சங்கதி உண்டு. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ சொத்து மதிப்போ உள்ள கம்பெனிகள் முந்தைய மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. (திருப்பூரில் பாதிப் பேர் பார்ட்னர்ஷிப் ஃபர்ம்தான், அவர்களுக்கு இந்தச் சட்டமே கிடையாது என்பது வேறு கதை.) இந்தப் பிரிவு 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. மூன்றே மாதத்துக்குள், 2014 ஜூன் 18 அன்று, கம்பெனி விவகார அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை விட்டது. மாரத்தான், விருது விழா, விளம்பரம், டிவி நிகழ்ச்சி ஸ்பான்சர் போன்ற ஒரு நாள் கூத்துகளை எல்லாம் இந்தக் கணக்கில் எழுதக்கூடாது என்று அதில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். 2021ல் விதிகளைத் திருத்தியபோது, தன் பொருளுக்கோ சேவைக்கோ விளம்பர லாபம் தேடிச் செய்கிற ஸ்பான்சர்ஷிப் சமூகப் பொறுப்பில் சேராது என்று விதியிலேயே எழுதினார்கள். ஆக, அரசாங்கமே மாரத்தானை முதலில் சந்தேகப்பட்டுத்தான் பார்த்திருக்கிறது. ஸ்பான்சர் பணம் கெட்ட பணம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. லெட்ஜரில் விளம்பரச் செலவு என்று எழுத வேண்டியதை மேடையில் மட்டும் "வாரி வழங்கிய வள்ளல்" என்று படிப்பதுதான் இடிக்கிறது.

இந்த வகை ஓட்டங்களுக்கெல்லாம் ஒரு மாதிரி ஆள் என்றால் அது கனடாவின் டெர்ரி ஃபாக்ஸ். எலும்புப் புற்றுநோயால் 1977ல் அவருடைய வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அப்போது வயது 18. 1980 ஏப்ரல் 12ஆம் தேதி, ஒரு செயற்கைக் காலோடு, கனடாவின் கிழக்குக் கரையில் ஓட ஆரம்பித்தார். தினமும் கிட்டத்தட்ட ஒரு மாரத்தான் தூரம். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர். நுரையீரலுக்கு நோய் பரவியதால் செப்டம்பர் 1ஆம் தேதி நிறுத்த வேண்டி வந்தது. அவர் கேட்டது ஒவ்வொரு கனடாக்காரரிடமும் ஒரே ஒரு டாலர். அப்போது அந்த நாட்டு ஜனத்தொகை 2 கோடி 40 லட்சம் சொச்சம். 1981 பிப்ரவரியில் வசூல் அந்த எண்ணைத் தொட்டது. அந்த ஜூன் மாதமே அவர் இறந்துபோனார்.

இதில் கவனிக்க வேண்டியது அவருடைய வீரத்தை மட்டும் அல்ல. ஓட்டத்தை வைத்துத் தனக்கென்று பணம் சேர்க்கவும் கம்பெனிகளின் பொருளுக்கு விளம்பரம் செய்யவும் அவர் சம்மதிக்கவில்லை. அவர் பெயரில் 1981 முதல் நடக்கிற ஓட்டத்திலும் அந்த வாசனை இருக்கிறது. கனடாவில் அதற்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, குறைந்தபட்ச நன்கொடை கிடையாது, முதல் பரிசு இரண்டாம் பரிசு கிடையாது. ஓடலாம், நடக்கலாம், சைக்கிளில் வரலாம். ஓடுகிறவர் தெரிந்தவர்களிடம் கேட்டு வாங்கி வருகிற பணம்தான் எல்லாம். இப்படியே இதுவரை 80 கோடி டாலருக்கு மேல் புற்றுநோய் ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருக்கிறது.

1981லேயே ஆரம்பித்த லண்டன் மாரத்தான் வேறு மாதிரி. அது பெரிய வியாபாரம், ஸ்பான்சர் எல்லாம் உண்டு. ஆனால் அங்கே தொண்டு நிறுவனங்களுக்கென்று இடங்கள் இருக்கின்றன. அந்த இடத்தில் ஓட வேண்டுமென்றால் இத்தனை பவுண்டு திரட்டித் தருகிறேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். 100 கோடி பவுண்டுக்கு மேல் இப்படித் திரட்டியிருக்கிறார்கள். மும்பை மாரத்தானும் 2004ல் தொடங்கியதிலிருந்து தொண்டு நிறுவனங்களுக்கு நிதி திரட்டுவதை ஓட்டத்தோடு சேர்த்தே நடத்துகிறது. யார், எந்த நிறுவனத்துக்கு, எவ்வளவு திரட்டினார்கள் என்பதை வெளியிடுகிறார்கள். அங்கேயும் டி-ஷர்ட் உண்டு, மெடல் உண்டு. ஆனால் ஓடுகிறவரின் வேலை பணம் கட்டுவதோடு முடிவதில்லை. நாலு பேரிடம் போய்க் கேட்க வேண்டும். எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லத் தெரிய வேண்டும். அதற்கு அந்த நோயைப் பற்றியோ அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றியோ கொஞ்சமாவது தெரிந்துகொள்ள வேண்டும். விழிப்புணர்வு என்கிறார்களே, அது அப்போது வருகிறதே தவிர, மார்பில் அச்சடித்தால் வருவதில்லை.

பக்கத்தில் கோயம்புத்தூரையே பார்க்கலாம். அங்கே 2013ல் தொடங்கிய கோயம்புத்தூர் மாரத்தான், கோயம்புத்தூர் கேன்சர் ஃபவுண்டேஷனுக்காக நடக்கிறது. வருடத்துக்கு ஒரு காரணம் என்று மாற்றிக்கொண்டே இருக்காமல் ஒரே அமைப்போடு ஒட்டிக்கொண்டிருப்பது பெரிய பலம். ஓடுகிறவருக்கு, பணம் எங்கே போகிறது என்பது பெயரோடு தெரியும். சந்தேகம் இருந்தால் நேரில் போய்ப் பார்க்கலாம். இந்த வருடம் பிளாஸ்டிக், அடுத்த வருடம் போதைப்பொருள், அதற்கடுத்த வருடம் நீர் மேலாண்மை என்று தலைப்பு மட்டும் மாறுகிற ஓட்டங்களில் இந்த வசதி கிடையாது.

கேட்டு வாங்குவது வெள்ளைக்காரர்களின் பழக்கம், இங்கே கூச்சப்படுவார்கள் என்று யாராவது சொன்னால் சிரிப்புதான் வரும். கொங்கு நாட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போய்ப் பாருங்கள். மண்டப வாசலிலேயே மேசை, நாற்காலி, மொய் நோட்டு. பெயர், ஊர், தொகை. முப்பது வருடத்துக்கு முன்னால் யார் எத்தனை எழுதினார்கள் என்று இன்றைக்கும் எடுத்துக் காட்டுகிற குடும்பங்கள் உண்டு. கோயில் கும்பாபிஷேகம் என்றால் 101 ரூபாய் கொடுத்தவர் பெயரும் நோட்டீஸில் வரும். டியூப்லைட்டில் வெளிச்சத்தை விட "உபயம்" பெரிதாக இருக்கும் :-) கொடுத்ததை எழுதி வைக்கிற, எழுதியதைச் சபையில் படிக்கிற பழக்கம் இந்த ஊருக்கு ரத்தத்திலேயே இருக்கிறது. மொய் வைத்தவருக்கு யாரும் டி-ஷர்ட் கொடுப்பதும் இல்லை. (தாம்பூலப் பை உண்டு. அதில் ஒரு தேங்காய், வெற்றிலை பாக்கு. அவ்வளவுதான்.)

டி-ஷர்ட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம். பெரும்பாலும் அது பாலியஸ்டர். அதில் ஓடுகிறவருக்குக் காரணம் இருக்கிறது. காட்டன் வியர்வையைக் குடித்துக் கனத்துப்போய் அக்குளில் உராயும், 10 கிலோமீட்டர் ஓடினால் எரியும். சரி. ஆனால் வருடத்துக்கு நாலு ஓட்டம் ஓடுகிறவரிடம் மூன்று வருடத்தில் பன்னிரண்டு டி-ஷர்ட் சேர்ந்துவிடுகிறது. அதில் இரண்டைத்தான் போடுகிறார். மற்றவை பைக் துடைக்க, தம்பிக்கு, அல்லது பீரோவின் அடித்தட்டில். அமைப்பாளரிடம் மிஞ்சுகிற டபுள் எக்ஸ்எல் பெட்டிகளின் கதி அதைவிட மோசம். எக்ஸ்போர்ட்டில் தள்ளுபடியான பீஸ் என்றால் காதர்பேட்டையில் செகண்ட்ஸாக விற்றுவிடலாம். வருடமும் தேதியும் பதினைந்து லோகோவும் அச்சடித்ததை யார் வாங்குவார்கள்?

"பசுமைக்காக ஓடுவோம்" என்ற தலைப்புக்கு இந்த டி-ஷர்ட் இன்னும் உறுத்தல். நொய்யல் ஓடுகிற ஊர் இது. சாயக்கழிவு கலந்து ஒரத்துப்பாளையம் அணை சாயத் தொட்டியாகவே மாறி, விவசாயிகள் கோர்ட்டுக்குப் போய், கடைசியில் 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அன்றைக்கு இந்த ஊர் எப்படி ஸ்தம்பித்தது என்று இங்கே எல்லா வீட்டிலும் ஒரு கதை இருக்கும். ஒரு துணிக்குச் சாயம் ஏற்ற எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உப்பு என்று தெரிந்த ஊர், ஆற்றைக் காப்பாற்ற ஓடுவதாகச் சொல்லிவிட்டு, யாரும் கேட்காத மூவாயிரம் துணியைப் புதிதாகத் தைத்துக் கொடுப்பதில் என்ன பசுமை?

அந்த மூவாயிரம் துணியைத் தைத்தவர் ஓட்டத்துக்கு வந்தாரா என்றும் ஒரு கேள்வி இருக்கிறது. அநேகமாக வந்திருக்க மாட்டார். சனிக்கிழமை ஒன்றரை ஷிப்ட் முடித்து, வாரச் சம்பளம் வாங்கி, மளிகைக் கடை பாக்கியைக் கொடுத்துவிட்டு வீடு சேர்ந்து படுக்கவே பாதி ராத்திரி. ஓவர்லாக் டெய்லருக்கு 600 ரூபாய் என்பது ஒரு நாள் கூலியை நெருங்குகிற தொகை. நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கிற கைமடிப் பெண்ணுக்கும் செக்கிங் பெண்ணுக்கும் ஞாயிற்றுக்கிழமை வேண்டியது உட்கார ஒரு இடம். அவர்கள் ஓடாததில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் நாளைக்கு அவர்கள் வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் வந்தால் அந்த ஓட்டத்தின் பணம் அவர்களுக்குத்தான் போய்ச் சேர வேண்டும். ஜும்பாவுக்கும் மெடலுக்கும் போன பணம் அவர்களுடைய கீமோவிலிருந்து கழிந்த பணம் என்று பார்த்தால் விஷயம் அவ்வளவு விளையாட்டாகத் தெரியாது.

"சம்பளம் இல்லாமல் ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து ரோட்டில் கோன் வைக்கிறோம், இப்படி நோண்டினால் நாளைக்கு யாரும் நடத்த முன்வர மாட்டார்கள்" என்று அமைப்பாளர்கள் வருத்தப்படலாம். நியாயமான வருத்தம். போலீஸ் பர்மிஷனில் தொடங்கி கடைசி ஆள் வந்து சேரும் வரை அவர்கள் படுகிற பாடு ஓடுகிறவர்களுக்குப் பாதி கூடத் தெரியாது. ஆனால் ஒரு பக்கக் கணக்கு அவர்களுக்குத்தான் முதல் பாதுகாப்பு. வசூல் இவ்வளவு, ஸ்பான்சர் இவ்வளவு, டி-ஷர்ட், மெடல், மேடை இவ்வளவு, இந்தத் தேதியில் இந்த மருத்துவமனைக்குக் கொடுத்தது இவ்வளவு. ஓட்டம் முடிந்த ஒரு மணி நேரத்தில் முந்நூறு போட்டோ வருகிற அதே வாட்ஸப் குரூப்பில், ஒரு மாதம் கழித்து இந்த ஒரு பக்கம் வந்தால் போதும். மருத்துவமனை கொடுத்த ரசீதையும் ஒரு போட்டோ எடுத்துப் போட்டால் இன்னும் நல்லது.

பதிவுப் படிவத்திலும் ஒரு சின்ன மாற்றம் செய்யலாம். இப்போது அதில் டி-ஷர்ட் சைஸ் என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கே போக முடியாது. எஸ், எம், எல், எக்ஸ்எல் என்ற வரிசையின் கடைசியில் "டி-ஷர்ட் வேண்டாம், அந்த 150 ரூபாயை மருத்துவமனைக்குக் கொடுத்துவிடுங்கள்" என்று ஒரு கட்டம் சேர்க்கலாம். மூவாயிரம் பேரில் ஆயிரம் பேர் அதைத் தட்டினால் ஒன்றரை லட்சம். கீழே இன்னொரு வரி: "உங்களுக்காக நன்கொடை தருகிறவர்களின் பெயரும் தொகையும்." மொய் நோட்டு மாதிரி பத்து வரி விட்டால் நிரப்பத் தெரியாதவர்கள் யாரும் இந்த ஊரில் இல்லை.