நீதிமன்றக் கதவை மூடும் சட்டம் நம் வீட்டுக் கதவைத் தட்டும்!



"ஜனநாயகம், மனித உரிமையெல்லாம் படித்தவர்கள் பேச்சு, லாயர் சார். எங்களுக்கு வேலையும் சம்பளமும் இருந்தால் போதும்." இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

ஒன்று கேட்கிறேன். இன்றிரவு போலீஸ் உங்கள் மகனைப் பிடித்துப் போனால் யாருக்குப் போன் செய்வீர்கள்? பணக்காரன் மந்திரிக்குச் செய்வான். நீங்கள்?

உங்களுக்கு இருப்பது அரசியலமைப்புச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு. கைதுக்குக் காரணம் சொல்ல வேண்டும். வழக்கறிஞரைப் பார்க்க விட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அடி வாங்கிய பிள்ளை அங்கே சட்டையைத் தூக்கிக் காயத்தைக் காட்டலாம். ஏழைக்கு ஜனநாயகம் என்பது இதுதான்!

சர்வாதிகாரம் முதலில் பறிப்பதும் இதைத்தான். கம்யூனிஸ்டுகளை அடக்க என்று சொல்லி 1960-இல் இசா சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். 2007 நவம்பர் 25-இல் நம் மக்கள் ஆயிரக்கணக்கில் கோலாலம்பூர் சாலையில் இறங்கி நியாயம் கேட்டார்கள். டிசம்பர் 13-இல் இண்ட்ராஃப் தலைவர்கள் ஐவர் அதே இசாவில் கைதானார்கள். விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை. மந்திரியின் ஒரு கையெழுத்து, நேரே கமுந்திங்! அவர்கள் கம்யூனிஸ்டுகளா?

கதவைத் திறந்தது யார்? 2008 மார்ச் தேர்தலில் கோத்தா ஆலாம் ஷா மக்கள், கமுந்திங்கில் அடைபட்டிருந்த மனோகரனையே சட்டமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆளுங்கூட்டணி மூன்றில் இரண்டு பங்கு பலத்தை இழந்தது. 2009 மே மாதத்துக்குள் ஐவரும் வெளியே வந்தார்கள். 2012-இல் இசாவே ரத்தானது. யாரும் இரக்கப்பட்டுக் கொடுக்கவில்லை. ஊர்வலமும் ஓட்டும் வாங்கித் தந்தன.

ஆனால் ஏமாந்துவிடாதீர்கள். இசா போன அதே ஆண்டில் சொஸ்மா வந்தது. 28 நாள் போலீஸ் காவல். வழக்கு போட்டாலும் ஜாமீன் எளிதில் கிடையாது. 2018-இல் ஓட்டுப் போட்டு ஆட்சியை மாற்றினோம், சட்டத்தை மாற்றவில்லை. 2019 அக்டோபரில், விடுதலைப் புலிகளுடன் தொடர்பு என்று சொல்லி 12 பேரைப் பிடித்தார்கள். இருவர் சட்டமன்ற உறுப்பினர்கள். அந்தத் தீபாவளி அவர்களுக்குக் கம்பிக்குள்ளே விடிந்தது. 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் வழக்கையே கைவிட்டார். போன மாதங்களை யார் திருப்பித் தருவது? இத்தனைக்குப் பிறகும், 2022 ஜூலையில் நாடாளுமன்றம் அந்த 28 நாள் அதிகாரத்தை மேலும் 5 ஆண்டுக்கு நீட்டித்தது!

சட்டமன்ற உறுப்பினருக்கே இந்தக் கதி என்றால், லோரி ஓட்டும் உங்கள் மகனுக்கு?

அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவரிடம் அரிசி மூட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடாதீர்கள். எந்தக் கட்சியாக இருந்தாலும் வாசலில் நிறுத்திக் கேளுங்கள்: "விசாரணையில்லாமல் அடைக்கும் சட்டத்துக்கு நாடாளுமன்றத்தில் கை தூக்குவீர்களா, மாட்டீர்களா?"

அரிசி ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். உரிமை போனால் பிள்ளையே போய்விடுவான்!