வேகத்திற்கு வேலி யார் போடுவது?

மன்னார் நகரிலிருந்து தலைமன்னார் செல்லும் வீதியில் மாலை வேளைகளில் பயணிப்போருக்கு ஒரு காட்சி புதிதல்ல. ஓலைத்தொடுவாயை அண்டிய நேர்ப்பாதையில் இரு இளைஞர்கள் மோட்டார் சைக்கிளின் எண்ணெய்த் தாங்கிமீது குனிந்து படுத்தவாறு ஒருவரையொருவர் முந்திச் செல்வர். தலைக்கவசம் பெரும்பாலும் கைப்பிடியில் தொங்கும். எதிரே வருவது பஸ்ஸாகவும் இருக்கலாம், வீதியின் நடுவே அசையாது நிற்கும் மன்னார்க் கழுதையாகவும் இருக்கலாம். இலங்கையில் வீதி விபத்துகளில் ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்டோர் உயிரிழக்கின்றனர். அவர்களில் மோட்டார் சைக்கிளில் சென்றோரே மிகப் பெரும் பகுதியினர்.

பொதுவீதியில் பந்தயம் ஓடுவது குற்றம் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆயினும் தண்டப்பணப் பற்றுச்சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, 'வேறெங்கே ஓடுவது?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லாதிருப்பது எவ்வளவு காலத்துக்குப் பொருந்தும்?

இந்நாட்டின் மோட்டார் பந்தயத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934ஆம் ஆண்டு முதல் அறியப்பட்டது. அண்மைய பத்தாண்டுகளில் பெரும் 'சுப்பர் குரொஸ்' போட்டிகள் பல, இராணுவப் படையணிகளின் ஆதரவுடன் அவற்றின் முகாம்களை ஒட்டியே நடைபெற்று வந்துள்ளன. வடக்கின் தமிழ், முஸ்லிம் இளைஞனுக்கு அவை தொலைக்காட்சியில் மட்டுமே காணக்கிடைத்த விழாக்கள்.

அந்த விழாக்களின் பாதுகாப்பு எத்தகையது என்பதை 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை காட்டியது. ஐந்தாண்டு இடைவெளிக்குப் பின் நடந்த 'பொக்ஸ் ஹில்' போட்டியில் ஓடுபாதையை விட்டு விலகிய கார் ஒன்று கூட்டத்தினுள் பாய்ந்தது. எட்டு வயதுச் சிறுமி உட்பட ஏழு பேர் மாண்டனர். இருபதுக்கும் அதிகமானோர் காயமுற்றனர். சாரதிகள் இருவர் கைது செய்யப்பட்டனர். இராணுவமும் விசாரணைக் குழு அமைத்தது. சாரதியின் தவறு ஒருபுறமிருக்க, தறிகெட்ட வாகனம் மக்களை அடையும்வண்ணம் பாதை அமைந்திருந்ததே அடிப்படைக் கேள்வி. 1955இல் பிரான்சின் லு மான்ஸ் பந்தயத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட பார்வையாளர் பலியானபோது ஐரோப்பா கேட்டதும் இதே கேள்விதான். சுவிற்சர்லாந்து சுற்றுப்பாதைப் பந்தயங்களுக்கே தடை விதித்தது.

தடை ஒரு வழி. இன்னொரு வழியைப் பிரித்தானியாவின் சிறு நகரங்கள் 1928 முதல் கையாண்டு வருகின்றன. அங்கு 'ஸ்பீட்வே' எனப்படும் பந்தயம் வேலியிட்ட நீள்வட்ட மண்பாதையில் நடக்கிறது. 500 சிசி இயந்திரம், மெதனோல் எரிபொருள், ஒரேயொரு கியர். பிரேக் கிடையாது. வளைவில் வண்டியைச் சறுக்கவிட்டு, இடது காலின் இரும்புக் காலணியை நிலத்தில் ஊன்றித் திரும்ப வேண்டும். நால்வர் நான்கு சுற்று ஓடுவர்; ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். முதல் மூவருக்கு முறையே 3, 2, 1 புள்ளிகள். கடைசியாக வருபவருக்கு எதுவுமில்லை. அணிக்கு எழுவர், ஒரு சந்திப்பில் பதினைந்து ஓட்டங்கள். மருத்துவரும் அம்புலன்ஸும் தயாராக இல்லையேல் போட்டி தொடங்காது. இத்தனைக்குப் பிறகும் இது ஆபத்தான விளையாட்டே. உயிரிழந்தோரும் முடமானோரும் உண்டு. ஆனால் அந்த ஆபத்தைத் தெரிந்து ஏற்பவர் ஓட்டுநர். வேலிக்கு வெளியே நிற்கும் குழந்தையல்ல.

இதில் நம்மவர் கவனிக்க வேண்டியது இரண்டாம் நிலை லீக் போட்டிகளையே. ஒவ்வோர் ஓட்டுநருக்கும் சராசரிப் புள்ளி கணிக்கப்படுகிறது. பருவத் தொடக்கத்தில் ஓர் அணியின் மொத்தச் சராசரி குறித்த எல்லையைத் தாண்டக்கூடாது. எனவே பணமுள்ள நகரம் வல்லவர் அனைவரையும் வளைத்துப் போட இயலாது. 2018இல் கிளாஸ்கோ, ஷெபீல்ட், எடின்பரோ போன்ற மாநகர அணிகள் இருந்த லீக்கில் வாகை சூடியது வேர்க்கிங்டன். நிலக்கரியும் உருக்கும் கைவிட்டுப்போன, ஏறத்தாழ 25,000 பேர் வாழும் கடலோர நகர் அது. பாதை தனியாக அமைந்ததன்று. றக்பி மைதானத்தைச் சுற்றி ஓடியது. லீக், கிண்ணம், கேடயம் என மூன்று வெற்றிகளும் அவ்வாண்டு அவ்வணிக்கே.

அடுத்த ஆண்டு அந்த அணி களமிறங்கவில்லை. வரவு செலவைத் தாங்கவில்லை. வென்ற அணிக்கே இந்நிலை என்றால் தோற்றவற்றின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, ஒரு பாதையை வெட்டி நாடா வெட்டித் திறந்துவிட்டால் போதும் என்று எவரும் நம்மிடம் சொன்னால் நம்ப வேண்டாம். திறப்புவிழாவுக்குப் பின் பற்றைக்காடான மைதானங்களை நாமும் கண்டிருக்கிறோம்.

நிலமும் எளிதாகக் கிடைக்கும் பொருளல்ல. காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக 2025இல் வீதிக்கு இறங்கிய மன்னார் மக்கள், தீவின் ஒவ்வோர் ஏக்கரையும் கணக்குப் பார்ப்பது நியாயமே. பெருநிலப்பரப்பில் பயனற்றுக் கிடக்கும் அரச காணியில், நானூறு மீற்றருக்குட்பட்ட ஒரு மண்வட்டம் போதுமானது. பிரேக் இல்லாத விசேட வண்டிகளும் தேவையில்லை. சாதாரண 125 சிசி வண்டியில், பயிற்றுநரின் கண்காணிப்பில் தொடங்கலாம். பேசாலை, பள்ளிமுனை, எருக்கலம்பிட்டி என்று ஊர்ப் பெயரைத் தாங்கி உதைபந்தாட்டம் ஆடும் மண்ணுக்கு, ஊருக்கோர் அணி என்பது புதிதாகக் கற்பிக்க வேண்டிய பாடமல்ல. கத்தோலிக்க இளைஞரும் முஸ்லிம் இளைஞரும் இந்துக்களும் ஒரே அட்டவணையில் புள்ளிக்குப் போட்டியிடும் மாவட்டம் இது.

உள்ளூராட்சித் தேர்தல்கள் நீண்ட இழுபறியின் பின் 2025 மே மாதத்தில் நடைபெற்று, சபைகள் மீண்டும் மக்கள் பிரதிநிதிகளின் கைக்கு வந்துள்ளன. அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் பாதைக்கான பணத்தை எவரும் கேட்கவில்லை. காணியை அடையாளங்காணவும், பொலிஸ், வைத்தியசாலை, மோட்டார் கழகங்கள் ஆகியவற்றை ஒரே மேசையில் அமர்த்திப் பராமரிப்புச் செலவைக் கணக்கிடவும் ஒரு சிறு ஒதுக்கீடு போதும். அந்தக் கணக்கு முடியும்வரை, ஓலைத்தொடுவாய் வீதியில் மாலை ஐந்து மணிக்குப் பின் ஒரு பொலிஸ் சோதனைச் சாவடியேனும் நிற்கட்டும்.