எங்கள் பெயரை நாங்களே திருடினோமாம்

கோலாலம்பூரிலிருந்து வந்த வக்கீல் நோட்டீஸ் சொல்வது இதுதான்: நாங்கள் அனுப்பிய அப்பளப் பாக்கெட்டின் மேல் இருக்கும் பெயர் மலேசியாவில் இன்னொருவருக்குச் சொந்தம். அதை உரிமையில்லாமல் பயன்படுத்துகிறோம். உடனே நிறுத்த வேண்டும், இதுவரை விற்றதற்கு நஷ்ட ஈடும் கட்ட வேண்டும்.

அந்த இன்னொருவர் யார் தெரியுமா? அப்பா காலத்திலிருந்து எங்களிடம் சரக்கெடுத்து விற்ற டிஸ்ட்ரிபியூட்டர். பூர்வீகம் எங்கள் பக்கம்தான். "அண்ணாச்சி, அங்க நான் இருக்கேம்லா, பேப்பர் வேலைய எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்று அப்பாவிடம் சொன்னவர். அப்பா படுக்கையில் விழுந்த வருஷம், எங்கள் பெயரைத் தன் கம்பெனி பெயரில் ட்ரேட்மார்க்காகப் பதிந்துகொண்டார். நாங்கள் விலை உயர்வு கேட்டதும், வேறு ஆளைத் தேடியதும், அந்தப் பதிவுச் சான்றிதழ் வெளியே வந்தது. புது ஆளுக்கு நாங்கள் தூத்துக்குடியிலிருந்து ஏற்றிய கண்டெய்னர் போர்ட் கிளாங்கில் கிடந்தது. அவருக்கும் நோட்டீஸ் போனதால் சரக்கை எடுக்கப் பயந்தார். சரக்கு தேங்கிய நாளுக்கான டெமரேஜ் கட்டணம் ஏறிக்கொண்டே போனது.

அந்தப் பெயருக்கு மதிப்பு எங்கிருந்து வந்தது? கல்லிடைக்குறிச்சிக்கு வந்து பாருங்கள். உளுந்து மாவில் பிரண்டைச் சாறு விட்டு, தாமிரபரணித் தண்ணீரில் பிசைந்து, இடித்து, உருட்டி, ஒவ்வொன்றாய் இடுகிற பெண்களின் தோளைப் பாருங்கள். அப்பளக்காரம் பட்டுப் பட்டுத் தடித்துப்போன விரல்களைப் பாருங்கள். ஐப்பசி மழையில் ஒரு வாரம் வெயில் வராவிட்டால் அந்த வீடுகளில் கூலி இல்லை. ஈரம் போகாத அப்பளத்தை ஒரு பாக்கெட்கூட அனுப்பக் கூடாது என்று அப்பா லோடையே நிறுத்தி வைத்திருக்கிறார். கிள்ளானிலும் ஈப்போவிலும் கடைக்கு வருகிறவர்கள் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கியது இதனால்தான். பதிந்தவர் செய்தது என்ன? ஒரு படிவத்தை நிரப்பினார். கட்டணம் கட்டினார்.

சட்டத்துக்கு அந்தப் படிவம் போதும். எங்களிடமும் பதிவு இருக்கிறது; அப்பா பதிந்து, பத்து வருஷத்துக்கு ஒருமுறை தவறாமல் புதுப்பித்து வந்த இந்தியப் பதிவு. கடல் தாண்டினால் அது செல்லாது. அந்தந்த நாட்டுப் பதிவு அந்தந்த நாட்டுக்கு மட்டும்தானாம். அவர் கொடுத்த விண்ணப்பம் அங்கே அரசு இதழில் வெளியானது. மறுப்புச் சொல்ல இரண்டு மாதம். அந்த இதழ் கல்லிடைக்குறிச்சியில் எந்தத் திண்ணைக்கு வருகிறது? அப்பாவின் கட்டிலருகே மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த எனக்கு யார் வந்து சொல்வது?

"முன்னாடியே ஏன் பதியலை?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் பதிய வழி செய்கிற மாட்ரிட் ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்ததே 2013 ஜூலையில். மலேசியா சேர்ந்தது 2019 டிசம்பரில். எங்கள் அப்பளம் அதற்கெல்லாம் வெகு காலம் முன்பே அங்கே போய்விட்டது. அன்று பதிவதென்றால் அந்த நாட்டிலேயே ஒரு ஏஜென்டைப் பிடிக்க வேண்டும். அப்பா பிடித்த ஆள்தான் இவர்! இன்று மாட்ரிட் வழியாகப் போனாலும் அடிப்படைக் கட்டணமே 653 சுவிஸ் பிராங்க், நம் பணத்தில் அறுபதாயிரத்தைத் தாண்டும். அதற்கு மேல் நாட்டுக்கு நாடு தனிக் கட்டணம். இவ்வளவும் கட்டி மலேசியாவில் கேட்டால், "இந்தப் பெயர் ஏற்கெனவே பதிவில் இருக்கிறது" என்று எங்களையே திருப்பி அனுப்புவார்கள்.

ஏற்றுமதி செய்ய ஐ.இ.சி. எண் வேண்டும், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமம் வேண்டும், எந்த நாட்டுச் சரக்கு என்பதற்குச் சான்று வேண்டும் என்று பயிற்சிக் கூட்டம் போட்டுப் போட்டுச் சொன்னார்கள். பெட்டியின் கனம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதுவரை சொன்னார்கள். போகிற நாட்டில் உன் பெயரை முதலில் பதி என்று ஒரு வரி, ஒரே ஒரு வரி, யாரும் சொல்லவில்லையே! அன்னியச் செலாவணி மட்டும் நாட்டுக்கு, பறிபோன பெயர் எங்களுக்கா?

வெளிநாட்டுச் சட்டத்தை மட்டும் குறை சொல்லவில்லை. டொயோட்டாவின் பிரியஸ் கார் 1997-இல் ஜப்பானில் வந்தது. இங்கே ஓர் உதிரிபாக நிறுவனம் 2002-இல் அந்தப் பெயரைப் பதிந்தது. 2017 டிசம்பரில் நம் உச்ச நீதிமன்றம் டொயோட்டா பக்கம் நிற்கவில்லை. உலகப் புகழ் போதாது, அந்தக் காலத்திலேயே இந்தியச் சந்தையில் பெயர் இருந்ததைக் காட்டு என்றது. கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டான் சீனாவில் தன் சொந்தப் பெயருக்காக 2012-இல் தொடங்கிய போராட்டத்தில் 2016 டிசம்பரில்தான் ஒரு பகுதி வென்றார். பதிந்து ஐந்தாண்டு கடந்துவிட்ட பல பதிவுகளை அவராலும் அசைக்க முடியவில்லை. அவர்களிடம் பணம் இருந்தது. அப்பளம் இடுகிறவர்கள் எதை விற்று வழக்கு நடத்துவது?

இதில் நெஞ்சு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. இந்தத் துரோகம் சட்டத்துக்குத் தெரியாததல்ல. உரிமையாளரின் அனுமதி இல்லாமல் ஏஜென்ட் தன் பெயரில் பதிந்தால் அதை எதிர்க்கலாம், ரத்து செய்யக் கேட்கலாம் என்று தொழில்சொத்து உரிமைகளுக்கான பாரிஸ் உடன்படிக்கையில் 1958-லேயே ஒரு பிரிவு சேர்த்திருக்கிறார்கள். மலேசியா அதில் 1989-லும் இந்தியா 1998-லும் சேர்ந்தன. இப்படிப்பட்டவர்கள் வருவார்கள் என்று தெரிந்தே எழுதிவைத்த பிரிவு! ஆனால் அது தானாக வந்து காப்பாற்றாது. அங்கே உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அப்பாவின் பில் புத்தகங்களை மலாயில் பெயர்த்துக் கொடுக்க வேண்டும். வழக்குப் போட்டோம்; நாங்கள் வெளிநாட்டுக்காரர்களாம், தோற்றால் தன் செலவுக்கு ஆகும் என்று பதிந்தவர் எங்களிடம் முன்பணம் கட்டச் சொல்லி மனுப் போட்டிருக்கிறார். பறித்தவருக்கு நாங்கள் ஜாமீன் பணம் கட்ட வேண்டும்!

மலேசியச் சட்டம் முதலில் பயன்படுத்தியவர் யார் என்றும் பார்க்கும் என்று வக்கீல் சொன்னபோது உயிர் வந்தது. அதற்கும் பதிந்தவர் பதில் வைத்திருக்கிறார். இறக்குமதி செய்பவரின் பெயரும் முகவரியும் உணவுப் பாக்கெட்டில் இருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. விதிக்குப் பணிந்து நாங்களே இங்கே உட்கார்ந்து ஒவ்வொரு பாக்கெட்டிலும் அவர் கம்பெனிப் பெயரை ஒட்டி அனுப்பினோம். அந்த ஸ்டிக்கரைத்தான் இப்போது கோர்ட்டில் காட்டுகிறார். மலேசியாவில் இந்தப் பெயரை முதலில் பயன்படுத்தியதும் தானாம், வளர்த்ததும் தானாம்.

புதுப் பெயர் வைத்துக்கொண்டு வேலையைப் பாருங்கள் என்கிறார்கள், நல்லது நினைக்கிறவர்களும்கூட. முடியாது. வழக்கு நடப்பதால் அந்தப் பெயரை இங்கே எழுத எனக்கு அனுமதி இல்லை. அது அப்பாவைப் பெற்றவளின் பெயர் என்பதை மட்டும் சொல்கிறேன். அதைப் பதிந்தவரே, ஊருக்கு வந்தபோதெல்லாம் அவள் கையால் சாப்பிட்டவர் நீங்கள். "ஆத்தா" என்று கூப்பிட்டவர் நீங்கள். அந்தப் பெயர் என் சொந்த யோசனையில் வந்தது என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட உங்களுக்கு எப்படி மனசு வந்தது?